பின்னுக்கு உழக்கினால் நிற்கும்

கஸ்தூரியார் வீதிக் கடையில் மரியநேசன்
இரண்டு ஹப்பைப் பேப்பரில் வைத்தான்.
ஒன்று யப்பான், பழசு, கொண்டெயினரில் வந்தது.
மற்றது தாய்வான், இன்னும் எண்ணெய்த்தாள் மணத்தோடு.
இரண்டுக்கும் முப்பத்தாறு ஓட்டை.
என் றிம்முக்குச் சரி.

பழசைச் சுழற்றினேன், சத்தமில்லை.
புதுசு கரகரத்தது.
"கிறீஸ் காணாது, வேறொண்டுமில்லை" என்றான்.
பிறகு, "செயின் கழண்டால் பிறேக்கும் இல்லை, தெரியுமோ?"

தெரியும்.
ஆனால் பண்ணைப் பாலத்து உப்புக்காற்று
இந்த வருஷம் மட்டும் மூன்று கேபிள் தின்றுவிட்டது.

பழசுதான்.
அதன் கையைப் பிறேமோடு இறுக்க
ஒரு தகரப்பட்டி தேடி அரை மணித்தியாலம்.
லீவர் கழன்ற ஹாண்டில்
மொட்டையாய் நின்றது.

மண்டைதீவுச் சந்திக்குக் கிட்ட
நண்டுக்கூடையோடு ஒருத்தி குறுக்கே வந்தாள்.
நாலு விரலும் மடங்கி
இல்லாத லீவரைப் பிடித்தன.
காலுக்குச் செய்தி போய்ச்சேர
இரண்டு முழம் பிந்தியது.
பின்சில்லு இழுபட்டு
தாரில் கறுப்பாய் ஒரு கோடு.

கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"பிறேக் இல்லையோ?"
"இருக்கு. காலிலை."
கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டாள்:
"அப்ப கால் எங்கை இருந்தது?"