தோற்றம் – மறைவு

ஏர்லாக் கதவை ஈலா
வெளியிலிருந்து சாத்தியபோது
விண்வெளியில் சத்தமில்லை.
அல்சூர் தியேட்டரில்
ஏசி உறுமுவது மட்டும் கேட்டது.
பின்வரிசையில் யாரோ
"தொறடீ" என்றார்கள்.
இன்னொரு குரல் கன்னடத்தில் அதையே சொன்னது.

இடைவேளைக்கு வாங்கிய சமோசா
எபினேசர் கையில் கடிபடாமல் இருந்தது.

இரவு ஒன்றரைக்கு
நஞ்சுண்டப்பாவை எழுப்பி
ஷட்டரைத் தூக்கவைத்தோம்.
நாலுக்கு மூணு ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி.
கொடுத்த படத்தில் முகமில்லை.
ஹெல்மெட் கண்ணாடியில்
அவள் காப்பாற்றிய கப்பல்தான் தெரிந்தது, சின்னதாக.

தோற்றம்?
இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
மறைவு?
நேத்து, செகண்ட் ஷோ.
மவுசிலிருந்து கையை எடுத்தார்.
"இன்னும் பொறக்கவே இல்லையேப்பா."
யாரும் சிரிக்கவில்லை.
அமுதவல்லி மூக்கைச் சிந்திக்கொண்டு
"பேர்ல பிழை வராம அடிங்கண்ணா" என்றாள்.

காலையில் மார்க்கெட் முனையில்
பூக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திச்
செருப்பைக் கழற்றினார்.
எந்தத் தெருப் பொண்ணு, என்ன வயசு?
எபினேசர் மேலே கை காட்டினான்.
"அது சரி, எல்லாரும் அங்கதான்"
ஒரு முழம் கிள்ளிக் கம்பத்தில் சுற்றிவிட்டுக்
காசு வாங்காமல் போனார்.

மாலைக் காட்சிக்கு
மறுபடி டிக்கெட் எடுத்தோம்.
கதவு சாத்துமுன்
எழுந்து வந்துவிடுவதாகப் பேச்சு.
அவள் கைப்பிடியைத் தொட்டாள்.
பன்னிரண்டு பேர்,
எழவில்லை.