ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

லிந்துலை ஆஸ்பத்திரித் துண்டில்
என் பெயருக்கு நேரே ஒன்பது.
குறைந்தது இருபதாவது வேண்டுமாம்.
"வெயிலே படுறதில்லையா?" என்றார் டாக்டர்.

இரவெல்லாம் ஸ்டோரில் தூள் சலிக்கிறேன்.
பகலில் தகரச் சன்னலைச் சாத்தி உறங்குகிறேன்.
விழித்தால் மலைமேல் மூட்டம்.
எந்த வெயிலைச் சொல்கிறார்?

வாரத்துக்கொன்று, எட்டு வாரம்.
தேன் நிற உருண்டை;
விளக்கில் பிடித்தால்
அந்தப் பக்கம் விரல் தெரியும்.
வெறும் வயிற்றில் வேண்டாம் என்றார்கள்.
ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று
ஞாயிறுதோறும் விழுங்கினேன்.

ஆறாம் வாரம்
மாடிப்படியில் கைப்பிடியை மறந்திருந்தேன்.
இடுப்பெலும்பு
தன் பேச்சை நிறுத்தியிருந்தது.
நானும் நிறுத்திவிட்டேன்.
மிச்சம் இரண்டையும்
பக்கத்துக் காம்பிரா ரோஸ்லினுக்குக் கொடுத்தேன்,
அவளுக்கும் முழங்கால் என்று.

ஆடி மழை இறங்கியதும்
மறுபடி படியெண்ணினேன்.
பதினேழு.

இரண்டாம் துண்டைப் பார்த்த மிஸ்ஸி
விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள்.
"எட்டும் போட்டீங்களா?"
தலையாட்டினேன்,
எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல்.

"இனிச் சின்னது. தினம் ஒன்று."
"எத்தனை நாளைக்கு மிஸ்ஸி?"
பேனையைக் கீழே வைத்தாள்.
"ஸ்டோரில் எத்தனை நாளைக்கு?"

ஒரு போத்தல், ஒன்றரைப் பேர்க் காசு.
உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
வலிக்கிற நாளில் கை தானாகப் போகும்.
வலிக்காத நாளில் விழுங்குவதுதான் கஷ்டம்.

ரோஸ்லின் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்,
முழங்கையில் பஞ்சோடு.
அவள் துண்டு
வெள்ளிக்கிழமை வரும்.