தடைக்காலக் காட்சிகள்

ஐஸ் ஃபேக்டரி ஓடாத அறுபத்தொரு நாளும்
அதே கூடத்தில் படம் போடுகிறோம்.
கழுவிவிட்டும் தரையில் கவிச்சி போகவில்லை.
டிக்கெட் இருபது ரூபாய்.
நாற்காலி கொண்டுவந்தால் பத்து.

திங்கள் பேசாப் படம்.
புதன் பேய்ப் படம், முன்வரிசை பெண்களுக்கு,
அவர்கள்தான் சிரிப்பார்கள்.
சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை நரி;
கரண்ட் போய்விட்டதால் பாதி நரி.

வியாழனை நினைத்துத்தான் பயந்தேன்.
பனிநாட்டுப் படம், மூன்று மணி நேரம்.
உறைந்த கடலில் ஒருவன் துளை போட்டு
உட்கார்ந்திருக்கிறான். கதை அவ்வளவுதான்.
எப்போதாவது எழுத்து ஓடும்.
கண்ணாடி மறந்தவர்களுக்காக ஜெசிந்தா உரக்கப் படிப்பாள்,
'அன்பரே' என்றிருந்தால் 'இன்னாபா' என்பாள்.

வெளியே காசிமேட்டில்
மே மாதம் தாரை இளக்கிக்கொண்டிருந்தது.
கால் மணியில் எழுந்துவிடுவார்கள்,
காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று
கல்லாப்பெட்டியோடு கதவருகே நின்றேன்.

யாரும் எழவில்லை.
லாஞ்ச் டிரைவர் தேசப்பன் மட்டும்
திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:
'ஆட்டாத. அப்டியே வுடு.'

நூல் அசைந்தது.
இருட்டில் நூற்றுப்பத்துப் பேரின் வலக்கையும்
ஒரு சாண் மேலே போனது.

மீன் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள்.
புரொஜெக்டர் சூடேறி நின்றுவிட்டது.
மீதியை அடுத்த வியாழன் போடு என்று
அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
'மெஷினுக்கு ஐஸ் வாங்கி வைய்யி'
என்றும் ஒரு குரல் கேட்டது,
ஐஸ் ஃபேக்டரிக்குள்.