கூட்டு

பஹாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
போட்டோஸ்டேட் கடையில்
பாடத்திட்டத்தை அச்சிட்டேன், தாளுக்கு இருபது சென்.
நிதி மேலாண்மை. மூன்றரை வருடம்.

அப்பாவின் செம்பனை எடைச்சீட்டைத் திருப்பிப் போட்டு
கோடு கிழித்தேன்:
கல்விக் கடன், விடுதி, பழைய மடிக்கணினி.
எப்படிக் கூட்டினாலும்
பதிவு நாளுக்கு எண்ணூற்றைம்பது வெள்ளி இடிக்கிறது.

அம்மா சேர்ந்திருக்கும் கூட்டில் பன்னிரண்டு பேர்.
செப்டம்பர் சல்மா அக்காவுக்கு,
எங்களுக்கு டிசம்பர்.
நேற்று ரொட்டிக் கடை அடுப்படியில்
மாவு பிசைந்தபடியே பேசினார்கள்.
எழுத்தில்லை, சாட்சியில்லை,
மாதம் மாறிவிட்டது.

மூன்றாம் பருவத்தில் ஒரு பாடம்,
இடர் மேலாண்மை.
அதன் பக்கத்தில் பென்சிலால்
சல்மா அக்கா என்று எழுதினேன்.

வட்டிக்கான கட்டம்
இன்னும் காலியாக இருக்கிறது.