மஞ்சள் துண்டு

அஸருக்குப் பிறகு என்றுதான் கடிதத்தில் இருந்தது.
உரக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு
யூரியா மணக்கும் கையோடு போனேன்.

தரம் பத்துப் பெற்றோருக்கு மட்டும்.
மண்டபத்தின் நடுவே பச்சைத் திரை,
இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தைத்தது.
அவசரத்தில் கட்டியதில்
"ஹிறா இல்லம்" தலைகீழாகத் தொங்கியது.
இந்தப் பக்கம் நாங்கள் பதினொரு பேர்.
அந்தப் பக்கம் கதிரை போதவில்லை.
கதைச் சத்தத்துக்குள் ஒரு செருமல்,
ஜெசீமாவுடையது. எனக்குத் தெரியும்.

மட்டக்களப்பிலிருந்து வந்த டொக்டர் தர்மினி
மேடையில் ஏறவில்லை.
திரை முடிகிற இடத்தில் நின்றார்,
இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி.
சுவரில் மூளையின் படம் விழுந்தது.
முன்பக்கம் முற்ற
இருபத்தைந்து வயதாகும் என்றார்.
மில் உவைஸ் என் காதுக்குள்:
"நம்மட ஆக்களுக்கு அதுக்குள்ள ரெண்டு புள்ள."

ஐந்து மணிக்குக் கரண்ட் போனது.
மூளை மறைந்தது. காற்றாடி நின்றது.
"நல்லதாப் போச்சு" என்றார் டொக்டர்,
"இனி நீங்க எழுதினதை வாசிப்பம்."

பிஸ்கட் டின்னுக்குள் துண்டுகள்.
பெயர் போட வேண்டாமென்று சொல்லித்தான்
வாசலில் பேனை தந்திருந்தார்கள்.
நான் எழுதியது:
மகன் கதைக்கிறான் இல்லை. இது நோயா?

மகள் கதவைப் பூட்டுகிறாள், வாசித்தார்.
டியூஷன் நாலு, மார்க்ஸ் நாப்பது.
கட்டாரிலிருந்து தகப்பன் வீடியோவில் ஏசினால்
பிள்ளை போனைக் கவிழ்த்து வைக்குது.
எல்லாவற்றுக்கும் டொக்டரிடம் பதில் இருந்தது.
ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்பார்,
அதற்கே பாதிப்பேர் குனிந்துகொள்வார்கள்.

பிறகு ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"ராவையில வாப்பா எழும்பிப்
புள்ளட போனைப் பாக்கிற.
புள்ள முழிச்சித்தான் கிடக்கிற.
நானும் முழிச்சித்தான் கிடக்கிற.
வாப்பாட போனை ஆரு பாக்கிற?"

அந்தப் பக்கத்துச் சிரிப்பில் திரை ஆடியது.
இந்தப் பக்கம் பதினொரு கை
சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.
அதிபரும் தொட்டார்.
நானும் சிரித்தேன்.
பாதிச் சிரிப்பில்தான் கவனித்தேன்,
செருமல் நின்றிருந்தது.

அதற்கும் பதில் சொன்னார். எனக்கு ஏறவில்லை.
நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மஞ்சள் தாள். ஒரு ஓரம் கிழிந்தது.
என் கடை பில் புத்தகமும் மஞ்சள்.
அக்கரைப்பற்றில் எந்தக் கடைக்குத்தான்
மஞ்சள் பில் புத்தகம் இல்லை?

நேரம் முடிந்தது. என்னுடையது
டின்னுக்குள்ளேயே கிடந்தது.
பெட்டிஸ் ஒன்று, பால்தேத்தண்ணி ஒன்று.

சாகாம வீதியில் பாதி ரோட்டுக்கு
நெல் காயப் போட்டிருந்தார்கள்.
ஒரு மணியும் மிதிபடாமல் சுற்றி ஓட்டினேன்.
"டொக்டர் நல்லாக் கதைச்ச, என்ன?"
பின்னாலிருந்து கேட்டாள்.
"ஓம்" என்றேன்.
அவள் கை வழக்கமான இடத்தில்தான் இருந்தது.

வீட்டில் இஹ்ஸான் தலை தூக்காமல்,
"என்ன சொன்ன, வாப்பா?"
நாலு கிழமைக்குள் அவன் என்னிடம் கேட்ட
முதல் கேள்வி.
"கரண்ட் போயிட்டு" என்றேன்.
வேறென்ன சொல்ல இருந்தது என்று
சோறு தின்று முடியும்வரை யோசித்தேன்.

ஒன்றரைக்கு எழும்பினேன். பழக்கம்.
பிரிட்ஜுக்கு மேல் சார்ஜில் கிடந்தது,
குப்புற.
ஓரத்தால் வெளிச்சம் வந்தது. போனது.
மறுபடி வந்தது.
போத்தலை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.
தாகம் இல்லை. இருந்தும் முழுப் போத்தல்.
வந்து படுத்தேன்.

"பாத்தயளா?"
"தண்ணி குடிச்ச."
"ம்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும்
நித்திரை கொள்கிறவர்கள் மாதிரிக் கிடந்தோம்.
சுவருக்கு அங்கால்
ஒரு கட்டில் கிறீச்சிட்டது,
மெதுவாக,
சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று
திரும்பிப் படுக்கிற ஒருவனுடைய கட்டில்.