இரண்டு குத்துக்கு மேல் இல்லை

ரப்பர் கைக்கு நாங்கள் வைத்த பெயர் மகாராஜா.
எங்கே குத்தினாலும் கொடுப்பார்.
சிவப்பு மை கலந்த குழாய்த்தண்ணீர்
சிரிஞ்சில் ஏறும்போது
வேலை தெரிந்துவிட்டதுபோல் இருக்கும்.

செக்காலை ரோட்டில்
பாத்திரக்கடைக்கு மேல்மாடி.
கீழே கல்யாணச் சீருக்குப் பெயர் வெட்டுகிறார்கள்,
எவர்சில்வரில் உளி
டிக் டிக் டிக் என்று நாள் முழுக்க.
மேலே நாங்கள் பதினான்கு பேர்.

இரண்டாம் வாரம்
மகாராஜாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார் இன்பராணி.
என்னைவிட ஆறு வயது இளையவர்.
சத்தமே போடாமல் பயமுறுத்துவார்.
"இனிமே ஒருத்தர் கையை ஒருத்தர்."

எனக்கு சபூரா வாய்த்தாள்.
ஊசியின் மூடியைக் கழற்றும்போது
பிஸ்மி என்று முணுமுணுத்தாள்.
எனக்காகவா உனக்காகவா என்று கேட்டேன்.
"ஊசிக்கு" என்றாள்.

புத்தகத்தில் சிரை. ஊரில் நரம்பு.
கண்ணால் தேடாதே என்பது பாடம்,
பச்சையாய்த் தெரிவது நழுவும்.
விரலை வை, அழுத்து, விடு.
அரைக்காற்றுச் சைக்கிள் டியூப்போல
ஒன்று திருப்பித் தள்ளும், அதுதான்.

பதினோரு வருடம்
ஜவுளிக்கடைக் கல்லாவில் நோட்டு எண்ணிய விரல் இது.
கள்ளநோட்டைத் தொட்டே சொல்லும்.
சபூராவின் முழங்கை மடிப்பில் மட்டும்
எழுத்து தெரியாத பிள்ளைபோல் நின்றது.

ஐந்தாம் வார ஞாயிற்றுக்கிழமை
புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் முகாம்.
அவிந்த நெல்லின் மணம் சட்டைக்குள் ஏறியது.
நாற்காலியில் தவிடு. துடைத்தோம்,
மறுபடி தவிடு.

"உங்க பேர் சொல்லுங்க."
"சீட்டுல எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?"
தெரியும். இருந்தாலும் அவர் வாயால் வரவேண்டும்.
அடைக்கலம். வயது ஐம்பத்திரண்டு.
அவியல் தொட்டியில் இருபது வருடம்.
சாக்குத் தூக்கிய கை, கயிறு கயிறாய்ப் புடைத்து,
பார்த்த உடனே எனக்குச் சந்தோஷம்.

முதல் குத்தில் நழுவியது.
இரண்டாவதில் ஒரு சொட்டு,
ஊசியின் கழுத்துவரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டு நின்றது.
அவர் சுவரில் ஆலைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
போன மாதத்தை.

இப்போது எனக்குத் தெரியும்.
இடப்பக்கம், ஒரு நெல்மணி அளவு தள்ளி.
சத்தியமாகத் தெரியும்.
அப்படித் தோன்றும் என்பதற்காகத்தான்
விதியை இரண்டோடு நிறுத்தியிருக்கிறார்கள் போல.
பட்டையை அவிழ்த்தேன், ஊசியை எடுத்தேன்,
பஞ்சை வைத்தேன்.
தொண்டையில் ஏதோ அடைக்க,
"சபூரா" என்று கூப்பிட்டேன்.

மறு கை. ஒரே குத்து.
சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி,
வரிசை பிசகாமல் நிறைந்தன.
ஊதாவை எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தினாள்
தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல்.
என் வேலை பஞ்சை அழுத்திப் பிடிப்பது.

"உனக்கு நான் எத்தனாவது ஆளு?"
"ஏழாவதுங்க."
"மத்த ஆறு பேருக்கு?"
"கிடைச்சிருச்சு."
"அப்ப கோளாறு எங்கிட்டதான்."
"இல்லீங்க, எங்கிட்ட."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"சார்ட்டெக்ஸ் மிஷினே
சில நாள் கறுப்பரிசிய விட்ரும்" என்று சொல்லிவிட்டு
பிஸ்கட் பொட்டலம் இரண்டாய் வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும் பஸ்ஸில்
பக்கத்து சீட்டு அம்மாள்
என் இரண்டு முழங்கை மடிப்பையும் பார்த்தார்.
ஒன்று நீலம், ஒன்று பழுத்து மஞ்சள்.
குரலைத் தாழ்த்தி,
"யாரு, புருசனா?"
"சபூரா" என்றேன்.
ஜன்னலோரம் வாய் திறந்து தூங்குகிறவளைக் காட்டினேன்.
அந்த அம்மாள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

சபூராவின் கை சரிந்து
என் மடியில் விழுந்து கிடந்தது.
சாக்கோட்டை தாண்டும்வரை
அந்த மடிப்பில் விரல் வைத்திருந்தேன்.
அரைக்காற்று.
இடப்பக்கம்.
கொஞ்சம் உள்ளே.