வெட்டி எடுத்த மூச்சு

இருபத்திரண்டு வருடம்
லம்சீராவின் மூச்சை வெட்டுவதுதான் என் வேலை.
திபிலிசியில், எட்டாவது மாடியில்,
மின்சாரம் இருக்கிற மணிநேரங்களில்.

மலை பேசும்போது குறுக்கே மூச்சு வாங்குகிறாய் என்பேன்.
நீ ஏறிப் பார் என்பாள்.
நாற்காலிமேல் நின்று பல்பு மாற்றினாலே
தலை சுற்றும் எனக்கு.
ஆனாலும் தெரியும்:
உஷ்பாவின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே
காற்று எந்தச் சுருதியில் கிழியும்,
மே மாதத்து எங்குரி
எத்தனை பெரிய கல்லை உருட்டும்,
பனிப்பாலம் உடைவதற்கு முன்
ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் என்பது.

ஆரம்பத்தில் அவள் வானிலை நிலையத்தில் பனி அளந்தவள்.
காலை ஏழு மணி. ஒரு கோல், ஒரு நோட்டு.
பனியாறு சுருங்குவதைப் படமெடுக்க
ஆராய்ச்சிக் கழகம் ஒரு கேமரா கொடுத்தது.
சாவி கொடுத்தால் இருபத்தைந்து விநாடி ஓடும்,
நிற்கும், மறுபடி சாவி.
பனியாற்றை எடுத்தாள்.
அதன்மேல் நடந்த நரியை எடுத்தாள்.
நரி போன வழியே போனவள்
நான்காம் நாள்தான் இறங்கினாள்.
வேலை போயிருந்தது. கேமரா போகவில்லை.

திருப்பித் தரச் சொல்லி ஆறு கடிதம் வந்தது.
ஏழாவது வருவதற்குள்
கழகமும் இல்லை, அதை நடத்திய நாடும் இல்லை.
யாரிடம் கொடுப்பது?

பன்னிரண்டு படங்கள்.
ஒன்றிலும் அவள் முகம் கிடையாது.
ஒரு பூட்ஸ் நுனி,
சரிவில் நீண்ட நிழல்,
லென்ஸைத் துடைக்க வந்த கட்டைவிரல், அவ்வளவே.
ஜெனீவாக்காரர்கள் ஒன்றை வாங்கினார்கள்.
வந்த பணத்தில் கயிறும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும்.
மெஸ்தியாவில் அந்தக் குளிர்காலம் முழுக்க மின்சாரமில்லை;
ஃபிலிம் சுருள்களும் பாலாடைக்கட்டியும்
ஒரே அலமாரியாய் அதில் கிடந்தன.

எட்டாவது படத்தில் மிரியான் விழுந்தான்.

அவள் கேமராவைப் போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள்.
கேமரா பனியில் கிடந்தபடி எடுத்தது:
ஒரு வார், கொஞ்சம் மேகம்,
கையில்லாத கையுறை.
சாவி தீர்ந்தது.

கோட்டின் உள்பையில் டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது
பதினொரு நிமிடம்.
பனிக்கோடரியின் கழுத்தில் கயிறு அறுக்கும் சத்தம்.
மூச்சுப் பேச்சில்லை என்பார்களே,
இங்கே பேச்சுதான் இல்லை.
மூச்சு இருந்தது,
ஒரு ஆளின் எடையை இழுக்கிற மூச்சு.

கத்தரி கையில் இருந்தது.
அன்று முழுக்கக் கையில்தான் இருந்தது.

திரையைக் கறுப்பாக விட்டேன், பதினொரு நிமிடமும்.
ஒரு விழாக்காரர் எழுதிக் கேட்டார்:
உங்கள் பிரதியில் கோளாறா?
இல்லை ஐயா, சாவி தீர்ந்துவிட்டது என்று பதில் போட்டேன்.
படத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.
மிரியான் மூன்று விரல் போக மீதியோடு
சுக்திதியில் ரொட்டி சுடுகிறான்.
இதுவரை படத்தைப் பார்க்கவில்லை.
"நான்தான் அங்கேயே இருந்தேனே."

வெட்டிய துண்டுகளை நான் எறிந்ததில்லை.
ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன,
தேதி இல்லாமல், மலை பெயர் இல்லாமல்.
அவளிடம் சொன்னதில்லை.
சொன்னால், அதையும் சேர்த்துக் கூலி கேட்பாள்.

இன்று பதின்மூன்றாவது படத்தின் சுருள்களோடு வருகிறாள்.
அறுபத்தொரு வயது. முழங்காலில் ஒரு திருகாணி.
எங்கள் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
லம்சீராவிடம் எந்தக் காலத்திலும் சில்லறை இருந்ததில்லை.

கீழ்க்கதவு சாத்துகிறது.
இரண்டாம் மாடியில் கேட்டுவிட்டேன் அவளை.
நான்காவதில் நிற்கிறாள்.
யாரையோ, படிக்கட்டையோ, மெதுவாகத் திட்டுகிறாள்.

ஐந்து.
மைக்கை வாசல் பக்கம் திருப்பி வைக்கிறேன்.
ஆறு.